பின்னால் என்று எழுதிய கார்

ஊசிமேட்டுக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெள்ளைக் காரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், அது சினிமா பார்க்கச் செய்தது, ஊருக்கு வரப்போவதைப் பார்க்கச் செய்ததல்ல என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். எதற்கெடுத்தாலும் யாரையாவது குறை சொல்லிப் பழகிய ஊர்தான் அது. ஆனாலும் தாகத்தில் கிடந்த பெண்டாட்டிக்காக ஒருவன் செய்த பொருளைக் குறை சொல்ல அவர்களுக்கும் மனசு வரவில்லை.

தாகம் என்றால் சாதாரணத் தாகமில்லை. செண்பகவடிவுக்கு நாற்பத்திரண்டு வயதில் இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் தூத்துக்குடிக்குப் போய், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்து, தன் ரத்தத்தை மெஷினிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. போக ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், வர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், வழி நெடுகக் கரிசல் காடு, வேலிக்கருவை, வெயில். அந்தப் பாதையில் வடிவு ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு தடவை தண்ணீர் கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டும் புருஷன் சொரிமுத்து, தன் காலுக்கடியில் உருளும் பாட்டிலைக் காலாலேயே மறைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரந்தான் என்பான். அதைச் சொல்லிச் சொல்லி அவன் தொண்டையும் வறண்டுபோயிருந்தது.

சொரிமுத்து விலக்கில் டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒருநாள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஹாலில் ஓடிய டிவியில் ஒரு காமெடி சீன் வந்தது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தண்ணீர் என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. சொரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மேலே மாட்டியிருந்த டிவியைப் பார்த்தான். வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே காரின் டேஷ்போர்டை ஆக்ஸா பிளேடு வைத்து அறுக்க ஆரம்பித்துவிட்டான்.

அது பழைய மாருதி எண்ணூறு. ரேடியோ இருந்த பொந்தை அகலப்படுத்தி ஏழு அங்குலத் தொடுதிரை ஒன்றை உட்கார வைத்தான். கடையில் செத்துக் கிடந்த நாலு கம்ப்யூட்டர்களின் உள்ளுறுப்புகளை எடுத்து ஒன்றாக்கி, அதைச் சாப்பாட்டு டப்பா அளவுக்குச் சுருக்கி, இடப்பக்க சீட்டுக்கடியில் ஒளித்தான். அந்த ரோட்டுப் பள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆடி அடிபடாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டித் தொட்டில் கட்டினான். செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் பேட்டரி தளர்ந்து கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்தான். காருக்கு உயிர் ஒன்று, புத்தி ஒன்று என்று அதற்கு அவனே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டான். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் கொசு மாதிரி இரைந்தது. எர்த் வயர் அத்தனையையும் கழற்றி ஒரே இடத்தில் முடுக்கியதும் கொசு செத்தது. ஒன்றரை மாதம், டயாலிசிஸ் இல்லாத நாள்களில் மட்டும், கடையைப் பாதி சாத்திவைத்துவிட்டு இதையே செய்தான்.

மெனு தமிழில் வேண்டும் என்றாள் வடிவு. இங்கிலீஷில் இருந்தால் கரண்ட் பில்லைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால், ஒவ்வொரு பொத்தானுக்கும் அவன் தானே யோசித்துத் தமிழில் எழுதினான். படம். பாட்டு. நிறுத்து. பாதியில் நின்ற படத்தைத் திரும்பப் போட்டால், 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று மரியாதையாகக் கேட்கும். கீழே ஆம், இல்லை. பலகாலமாகக் குனிந்து சால்டரிங் வைத்ததில் சொரிமுத்துவுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து தலை திரும்பாது. வண்டியைப் பின்னுக்கு எடுப்பதென்றால் பெரும்பாடு. திரைதான் இருக்கிறதே என்று நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு கேமராவையும் மாட்டி, ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் வயரிலிருந்து ஒரு கிளை இழுத்து அதற்குக் கொடுத்தான். ரிவர்ஸ் கியர் விழுந்தால் படம் மறைந்து பின்பக்கம் தெரியவேண்டும். அந்தக் கட்டத்துக்குப் 'பின்புறம்' என்றுதான் முதலில் எழுதினான். கட்டம் சின்னது, கடைசி எழுத்து வெளியே தொங்கியது. அழித்துவிட்டு, 'பின்னால்' என்று எழுதினான். அவன் செய்தது அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் அந்தக் காருக்குள் இருந்த சந்தோஷத்தை ஊர் அறியாது. போகும்போது படம் தொடங்கும். ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது சரியாக இடைவேளை வரும். அந்தப் பாலத்துக்கு இடைவேளைப் பாலம் என்றே அவர்கள் இருவரும் பெயர் வைத்துவிட்டார்கள். திரும்பும்போது வடிவுக்கு அசதி. மீதிப் படத்தைப் போட்டுக் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவாள். சொரிமுத்து சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டுவான். அடுத்த தடவை 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று கேட்டால் ஆம் என்று அழுத்திவிட்டு, எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழிப்பாள். அண்ணன் தம்பி சின்ன வயதில் பிரிந்துபோகிற ஒரு படம், ஒரே நடிகன் இரட்டை வேடம், அதை ஏழெட்டு தடவை போட்டிருப்பார்கள். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தார்களா இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே தெரியாது. கதையைச் சொல்லட்டுமா என்று சொரிமுத்து கேட்டால், வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, டீக்கடை அழகுநம்பியின் கடைமுன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோதுதான் அது நடந்தது. காரில் வடிவு இருந்தாள். பின்சீட்டில், பள்ளிக்கூடத்துத் தமிழ் சார் சிவனணைந்தபெருமாள், வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஏறி உட்கார்ந்திருந்தார். திரையில் டீக்கடை தெரிந்தது, பெஞ்சு தெரிந்தது, வேப்பமரத்தைக் காணோம். மரம் இருந்த இடத்தில் சாய்வாக அறுத்த அடிமரமும், அதன்மேல் ஒரு டீ கிளாஸும் இருந்தன. தமிழ் சார் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தார். மரம் காக்காய்களோடு நின்றுகொண்டிருந்தது. சொரிமுத்து இறங்கிப்போய்ச் சட்டை நுனியால் கேமராவைத் துடைத்துவிட்டு வந்தான். ஒன்பதாம் நாள் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தை அறுத்தார்கள், அதே சாய்வில். அழகுநம்பி ஒரு வாடிக்கைக்காரருக்கு டீ ஆற்றிக் கொடுக்க, அவர் குடித்து முடித்துக் கிளாஸை எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்து, அடிமரத்தின்மேல் வைத்தார்.

தமிழ் சார் அன்று சாயங்காலமே காரைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, திரையில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன சொரிமுத்து, பின்னால்னு எழுதி வச்சிருக்கே. முதுகுக்குப் பின்னாலயும் பின்னால்தான், நாளைக்குப் பின்னாலயும் பின்னால்தான். நீ ஒண்ணைச் சொல்லியிருக்கே, அது இன்னொண்ணைப் புரிஞ்சுக்கிட்டுது." முன்னொரு காலத்தில் என்றால் போன காலம்; பின்னால் பார்ப்போம் என்றால் வருங்காலம்; முதுகுப்பக்கம் வருங்காலத்தை வைத்திருக்கும் பாஷையில் எழுதிவிட்டு மெஷினைக் கோபித்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது. எப்படி, ஏன் என்று அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடையைத் தேடுவார்கள், மேகத்தையா விசாரிப்பார்கள்?

மறுநாள் காலையிலிருந்து சொரிமுத்துவின் கடைவாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. அண்ணாச்சி, நம்ம வீட்டு வாசலில் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்க. அண்ணாச்சி, காட்டுப்பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க. கொஞ்ச நாளில் இதற்கென்று முறைகள் வந்துவிட்டன. காரில் ஏறுமுன் கால் கழுவவேண்டும். வீட்டுக்கு உரியவர் மட்டும் இடப்பக்க சீட்டில் உட்காரலாம். பார்த்ததை அவராகச் சொன்னாலொழிய சொரிமுத்து வெளியே சொல்லக்கூடாது. தெருவில் கார் பின்னுக்கு வருமுன் கோயில் மைக்கில் அறிவிப்பார்கள். போகிற வழியில் தம் வீடும் திரையில் விழுந்து தொலைக்குமோ என்று மற்றவர்கள் வாசலில் போர்வையைத் தொங்கவிடுவார்கள். போர்வைக்கு அதெல்லாம் மறையாது என்பது அவர்களுக்கும் தெரியும். 'அதைப் பின்னால பாத்துக்கிடலாம்' என்று எதற்கெடுத்தாலும் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த ஊரில், அந்தப் பேச்சையே ஒருவரும் வாயில் எடுக்காமல் போனார்கள்.

திரையில் நல்லது எதுவும் தெரியவில்லை, அதுதான் கொடுமை. இருளப்பன் தன் பருத்திக்காட்டில் காரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். பருத்தி இல்லை, கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் வெயிலைப் பார்த்து வரிசைவரிசையாய்ச் சாய்ந்திருந்தன. இறங்கினார், மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தார், அந்த வருஷம் உழவில்லை. மரியசெபஸ்தியான் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது, கூரையில் வேலிக்கருவை முளைத்திருந்தது. அவர் ஓடு மாற்ற இறக்கிவைத்திருந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். ராமலட்சுமி ஒருத்திக்குத்தான் கொடுத்துவைத்தது என்றார்கள். பிள்ளையில்லாமல் கிடந்த அவள் மகளின் வாசலில் சின்னதாக இரண்டு சிவப்புச் செருப்பு தெரிந்ததாம். தெருவுக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். ஒரு வருஷம் கழித்து மகளும் மருமகனும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போக, வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்களின் பிள்ளை சிவப்புச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது. எத்தனை நாளுக்குப் பின்னால், யாருடையது என்பதை மட்டும் அந்தத் திரை சொல்லாது.

இப்படியே அந்த ஊர் மெல்ல மெல்லக் கையைக் கட்டிக்கொண்டது. பொங்கலுக்கு யாரும் வெள்ளையடிக்கவில்லை. இல்லாமல் போகப்போகிற முருங்கைக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டார்கள். வண்டியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்திருப்பதாக விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர், எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, தன் ஆபீஸ் வாசலில் ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், பார்த்தார், எழுதிய தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு அந்த வாரமே மாற்றலுக்கு மனுக்கொடுத்தார். ஆனாலும் ஆள் குறையவில்லை. பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருப்பது போல, பார்த்தவர்களே மறுபடி மறுபடி வந்தார்கள்.

வேண்டாம் என்று சொரிமுத்துவால் சொல்ல முடியவில்லை என்பது பாதி உண்மை; சொல்லப் பிடிக்கவில்லை என்பதுதான் மீதி. ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து 'ஏம்ப்பா, இன்னுமா ஆகலை' என்று அதட்டியவர்களெல்லாம் இப்போது அண்ணாச்சி என்று கைகட்டி நின்றார்கள். அந்தச் சொல் அவனுக்கு ருசித்தது. எழுத்தை மாற்றித்தான் பாரேன், பின்புறம் என்று குறுக்கி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தமிழ் சார் இரண்டு தடவை சொன்னார். பார்க்கலாம் சார் என்றான்.

ஆனால் தன் வீட்டு முற்றத்தில் மட்டும் அவன் ரிவர்ஸ் கியரைத் தொடவில்லை. முன்பெல்லாம் கேட் வழியாக நேராக நுழைந்து வாசல்படிக்கு எதிரே நிறுத்துவான், போகும்போது பின்னுக்கு எடுப்பான். வேப்பமரம் விழுந்த மறுநாள் கடப்பாரையை எடுத்துப் பக்கத்துச் சுற்றுச்சுவரில் கார் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டான். கேட்டில் நுழைந்து, வடிவை ஏற்றிக்கொண்டு, வளைத்துத் திருப்பி, ஓட்டை வழியே இருளப்பன் காட்டு வண்டிப்பாதையில் இறங்கி, அரை மைல் சுற்றி ரோட்டுக்கு வருவான். வடிவுக்கு முதலில் அது சிரிப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் காட்டுகிற மகராசன் சொந்த வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுகிறான் என்று அவனையே கேலி செய்தாள். ஒரு சனிக்கிழமை, காரில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிக்காமல் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் போடுங்க. முத்தத்துல மல்லிப்பந்தல் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

"பந்தல் எங்க போயிரும்? சும்மா இரு."

"நான் இல்லாத முத்தத்தப் பாக்க எனக்குப் பயமில்லங்க. உங்களுக்குத்தான் பயம்."

அவன் ஸ்டீரிங்கை வளைத்தான். அவளும் வற்புறுத்தவில்லை, திரையில் ஆம் என்று அழுத்திவிட்டு, அண்ணனும் தம்பியும் இன்னும் சேராத அந்தப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் சொன்னது உண்மை. அவள் இல்லாத முற்றம் ஒன்று பின்னால் இருக்கிறது, என்றைக்கோ இருக்கும், அது யாருக்குத்தான் தெரியாது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி அவள் முகத்தையும் பார்க்க அவனால் முடியாது.

அடுத்த வியாழக்கிழமை கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் காலை ஆறு மணிக்குக் காரைக் கேட்டிருந்தார்கள். கோபுரம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், கோயில் வாசலில் ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அரை மணி நேரந்தான், ஆறரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன், தயாராக இரு என்று வடிவிடம் சொல்லிவிட்டுப் போனான். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துவிடவேண்டும். கோயில் வாசலில் பார்த்ததில் கோபுரமும் இல்லை, கோயிலுக்குள் விளக்கும் இல்லை; கமிட்டிக்காரர்கள் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எங்கள் வாசலிலும் ஒரு நிமிஷம் என்றார் ஒருவர். ஒரு நிமிஷந்தானே. அடுத்த வீட்டிலும் ஒரு நிமிஷம். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று தெரு நெடுகக் குரல். அவன் கேட்டில் வேகமாக நுழைந்தபோது மணி ஒன்பதாகியிருந்தது.

வடிவு பழுப்புக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு, போர்வையும் ஃபைலும் டிபன் டப்பாவும் வைத்த வயர்கூடையை மடியில் வைத்தபடி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், கூடையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். "வந்துட்டியளா" என்று மட்டும் கேட்டாள். வழியில் படம் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு மெஷின் காலியில்லை, நாளைக் காலையில் வாருங்கள் என்றார்கள். திரும்பினார்கள். அன்றைக்கு முழுவதும் அவள் தண்ணீர் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் முகம் ஊதியிருந்தது, மூச்சு வாங்கியது. காரில் உட்கார்ந்ததும் அவளாகவே படத்தைப் போட்டாள். 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' ஆம். அண்ணன் ஒரு ஸ்டேஷனில் இறங்குகிறான், தம்பி அதே ரயிலில் ஏறுகிறான். இடைவேளைப் பாலத்தில் ஏறும்போது சொரிமுத்து திரும்பிப் பார்த்தான், தேய்ந்த கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவு. தலையைக் கதவுப்பக்கம் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். நல்லது, கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தான். வழக்கம்போலச் சத்தத்தைக் குறைத்தான். இருபத்தேழு கிலோமீட்டர், பள்ளம் பார்த்துப் பார்த்து, பிரேக் அதிராமல், சத்தம் குறைந்த படத்தோடு ஓட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பியபோதுதான் தெரிந்தது.

முந்தின நாள் தவறியதால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை, சொரிமுத்துவும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததைக் கேட்டு என்ன செய்ய?

ஊர் முழுக்க வந்து அழுதது, உண்மையாகவே அழுதது. பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள், இரண்டு பேர் வந்து தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, அண்ணாச்சி, கார் ஓடுகிற நிலையில்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்கள் போனபின் சொரிமுத்து சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். இனி என்ன பயம் என்று, சுவரை உடைக்குமுன் செய்துவந்தது போலவே, ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கேட்வரை பின்னுக்கு வந்தான். வெளியே போய்த் திரும்பி, வாசல்படிக்கு முதுகைக் காட்டி, மறுபடி ரிவர்ஸில் முற்றத்துக்குள் வந்தான். திரையில் முற்றம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த மல்லிப்பந்தல், வாசல்படி, சாத்திய கதவு. கீழே இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். காய்ந்த பந்தல், வாசல்படி, சாத்திய கதவு. திரையில் இருந்ததும் கண்முன் இருந்ததும் ஒன்றேயாக இருந்தது அந்த ஊரில் அந்த ஒரு முற்றத்தில் மட்டுந்தான். அவனுக்கு வருவதெல்லாம் வந்து முடிந்துவிட்டது. இதைப் பார்க்கப் பயந்தா சுவரை உடைத்தோம் என்று நினைத்து, அந்தப் புழுதியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து ரிவர்ஸ் லைட்டிலிருந்து போன வயரை வெட்டினான். கேட்டு வந்தவர்களிடம் கெட்டுப்போச்சு என்றான். கோபித்துக்கொண்டார்கள், சரிபண்ணத் தெரியாதவனா என்றார்கள், கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லாமல் போனதும் ஊருக்கு மெல்ல நடமாட்டம் வந்தது. இருளப்பன் பாதிக் காட்டை உழுதார். 'பின்னால பாத்துக்கிடலாம்' என்று டீக்கடையில் யாரோ பழைய வழக்கத்தில் சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

வெட்டிய வயரையும் கழற்றிய கேமராவையும் சொரிமுத்து தூக்கிப்போடவில்லை. நாற்பதாம் நாளோ என்னவோ, அதே கேமராவைக் காரின் முன்பக்க பம்பரில் மாட்டினான். வயரை எஞ்சின் வழியே உள்ளே இழுத்துச் சீட்டுக்கடியில் கொடுத்தான். திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, 'முன்னால்' என்று எழுதினான். அந்தச் சமயம் அவ்வழியே போன தமிழ் சார் அதைக் கார்க் கண்ணாடி வழியே படித்துவிட்டார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை வெளியே போய்விட்டு, கேட் வழியே நேராக நுழைந்து, வாசல்படிக்கு எதிரே நிறுத்தி, முன்னால் என்பதை அழுத்தினான். பந்தல் பச்சையாக இருந்தது, மேலெல்லாம் மொட்டு. வாசல்படியில் பழுப்புக்கரைச் சேலையில், மடியில் வயர்கூடையோடு, வடிவு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த வடிவு வரவில்லை, பந்தலில் பூப்பறித்த வடிவு வரவில்லை. எத்தனையோ முன்னால் இருந்தும் திரை எடுத்துக் காட்டியது அந்த வியாழக்கிழமையை. அவள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு வண்டிச் சத்தம் கேட்டிருக்கவேண்டும், எழுந்து நின்றாள். அது வேறு வண்டி, உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். வெயில் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறியது. அவள் மூன்றாம் படிக்கு நகர்ந்தாள். கோயில் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இரண்டரை மணி நேரம். அவன் ஊரார் வாசல்களில் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாகக் கொடுத்துத் தீர்த்த அத்தனையையும் அவள் அந்தப் படியில் உட்கார்ந்து கழித்திருந்தாள், அவன் ஒன்றுவிடாமல் பார்த்தான்.

ஒன்பது மணிக்கு அவள் முகம் நிமிர்ந்தது. கார் வந்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், கூடையை எடுத்துக்கொண்டு நேராக இந்தக் காரைப் பார்த்து வந்தாள்; திரை நிறைய வந்தாள்; இடப்பக்கமாக விலகித் திரையை விட்டு வெளியே போனாள்.

சொரிமுத்து சீட்டில் சாய்ந்து கையை நீட்டி இடப்பக்கக் கதவைத் திறந்தான். வெயில் உள்ளே வந்தது. முதலில் கூடையை வைப்பாள், பிறகு உட்காருவாள், காலை உள்ளே எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்; அவ்வளவு நேரம் கொடுத்தான். முந்தானை கதவில் மாட்டாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். கதவைச் சாத்தினான்.

திரை கேட்டது: 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' ஆம் என்று அழுத்தினான். ரயில் ஸ்டேஷன் வந்தது, அண்ணன் எதிரே தம்பி வந்தான். குறைத்து வைத்த இடத்திலேயே சத்தம் இருந்தது. அவர்கள் பேசுவது கேட்கவில்லை. சொரிமுத்து சத்தத்தைக் கூட்டினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை கூட்டினான். காலி சீட்டைப் பார்த்துக்கொண்டே, ஏட்டி வடிவு, எழுந்திரு, ரெண்டு பேரும் சேரப்போறாங்க, எழுந்து பாரு என்று சொல்லிக்கொண்டே, இன்னும் கூட்டினான்.